பெட்டியைத் தூக்கிச் செல்லாமல் வந்து பார்த்தவர்கள்: கிளிநொச்சியில் ஒரு கணினித் திருத்தகம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்துப் படிப்பகத்தின் சேர்வரை, கிளிநொச்சியிலுள்ள ஒரு சிறிய கணினித் திருத்தகத்தினர் வந்து சீர்செய்து மூன்று மாதங்களுக்கு மேலாகிறது. அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் திருத்திய அன்று எந்தக் கணினியும் ஒழுங்காகத்தான் ஓடும் என்பதால், மழையும் மின்தடையும் ஒரு சுற்று வந்து போகும்வரை பொறுத்திருந்தேன். நான் குறித்து வைத்த கணக்கின்படி இந்த இடைவெளியில் மின்சாரம் 11 தடவை நின்று வந்திருக்கிறது; 11 தடவையும் சேர்வர் எவருடைய கையும் படாமல் எழுந்து தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. இனி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சேர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒருவர் கொடுத்துதவிய பழைய மேசைக் கணினி அது. அதில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. வலைப்பக்கங்களைப் பரிமாறுவதற்கு என்ஜின்-எக்ஸ் என்ற சேவையும், அதன் பின்னால் தமிழ் விக்கிப்பீடியாவை இணைய இணைப்பின்றி வாசிப்பதற்கான கிவிக்ஸும் இருக்கின்றன. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகியவற்றின் கடந்தகால வினாத்தாள்களையும் பாட அலகு வாரியாக அடுக்கி அதில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் படிப்பகத்தின் 9 கணினிகளிலிருந்தோ, வீட்டிலிருந்து கொண்டுவரும் கைபேசியிலிருந்தோ 192.168.1.10 என்ற சேர்வரின் முகவரியைத் தட்டினால் எல்லாம் திறக்கும். டேட்டாவுக்குக் காசு போடத் தேவையில்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழுது தொடங்கியது மாரிக்காலத்தில். எங்கள் பகுதியில் மழையும் வாடைக் காற்றும் சேர்ந்தால், பாலைமரக் கிளை ஒன்று முறிந்து கம்பியில் விழுவதும் மின்சாரம் நின்று நின்று வருவதும் வழமை. ஒவ்வொரு முறையும் மின்சாரம் திரும்பியதும் சேர்வர் தானாகவே உயிர்பெறும். விளக்கெரியும், விசிறி சுழலும், ஆனால் பக்கம் திறக்காது. நான் போய்த் திரைக்கு முன் அமர்ந்து என்ஜின்-எக்ஸைத் தொடங்கும் கட்டளையைக் கையால் கொடுத்தால் உடனே ஓடும். ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான எனக்கு அந்த ஒரு கட்டளை மட்டும் தெரிந்திருந்தது. அதை வைத்தே பல வாரங்களை ஓட்டினேன். நான் வவுனியாவுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்த இரண்டு நாட்களும் பிள்ளைகள் வந்து, திறக்காத பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதன்பின்தான் திருத்த ஆள் தேடினேன்.

முதலில் நாடிய இடம் வேறொரு கடை. அதன் பெயரோ ஊரோ இங்கு தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழுதின் பாதி அதில்தான் இருக்கிறது. அங்கு எவரும் வந்து பார்ப்பதில்லை. பெட்டியை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு நாட்களின் பின், ஹார்ட் டிஸ்க் பலவீனம் என்றும், என்ஜின்-எக்ஸ் பழுது என்றும், வேறொன்றைப் போட்டிருப்பதாகவும் கூறி 4,500 ரூபாய் வாங்கினார்கள். அவர்களின் மேசையில் பக்கம் ஒன்று திறப்பதைக் காட்டினார்கள். படிப்பகத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினால், வினாத்தாள்களுக்குப் பதிலாக ஏதோ ஓர் ஆங்கில அறிமுகப் பக்கம் வந்தது. முன்பு கை கொடுத்த என்னுடைய ஒரே கட்டளையும் அதன்பிறகு வேலை செய்யவில்லை.

நான் பாராட்டி எழுதும் திருத்தகம், கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம், கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. அண்ணனும் தங்கையுமாக இருவர் மட்டுமே நடத்துகிறார்கள். அழைப்புகள் கூடினால் சமாளிக்க முடியாது என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. தொலைபேசியில் நான் பழுதைச் சொன்னபோது, பெட்டியைக் கொண்டு வரவா என்று கேட்டேன். தங்கை சொன்ன பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை: "வேண்டாம் சேர். அதைக் கழட்டாமல் அப்பிடியே வையுங்கோ. றவுட்டர், வயர் எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நாங்கள் வந்து பாக்கிறம்."

ஐந்தாம் நாள் தங்கைதான் வந்தார். வந்தவுடன் நான் பழக்கதோஷத்தில் பெட்டியை ஒருமுறை நிறுத்திப் போடப் போனேன். தடுத்துவிட்டார். "நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டால் அது திரும்பத் திரும்ப ஒண்டைத்தான் சொல்லும் சேர். என்ன சொல்லுது எண்டு முதல்ல வாசிப்பம்." அடுத்த அரை மணித்தியாலத்துக்கு அவர் எதையும் மாற்றவில்லை. வாசித்தார். முதலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் சேவையின் நிலையைப் பார்த்தார். 'தோல்வி' என்று சிவப்பில் வந்தது. அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல், ஜேர்னல்சிடிஎல் கட்டளையால் கணினி தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் என்ஜின்-எக்ஸுக்குரியதை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு தொடக்கமாகப் பின்னோக்கிப் போனார். பதிவேட்டில் சில இடங்களில் திகதி பல ஆண்டுகள் பின்னால் போயிருப்பதைக் கண்டு, தாய்ப்பலகையில் கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 நாணய பற்றரி இறந்திருக்கும் என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். அதனால் திகதியை நம்பாமல், கணினி எத்தனையாவது தடவையாகத் தொடங்கியது என்ற இலக்கத்தைக் கொண்டே தேடினார். நானும் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்தேன். எழுந்து போகச் சொல்லவில்லை.

அவர் காட்டிய இரண்டு வரிகளும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றின. இரண்டுமே, குறிப்பிட்ட முகவரியிலும் 80ஆம் போர்ட்டிலும் (வலைப்பக்கம் கேட்டு வருபவர்களுக்கான வாசல் எண்) அமர முடியவில்லை என்றே சொல்லின. ஆனால் காலையில் கணினி தானாகத் தொடங்கியபோது பதிவான வரியில் அடைப்புக்குள் 99 என்றிருந்தது. அதன்பின் நான் கையால் தொடங்க முயன்றபோது பதிவான வரியில் 98 என்றிருந்தது. "சேர், இது ஒரு வருத்தம் இல்லை, ரெண்டு. 98 எண்டால் அந்தக் கதிரையில வேற ஆரோ ஏறி இருக்கினம். 99 எண்டால் கதிரையே இன்னும் வரேல்லை." நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான், இதைவிடத் துப்புரவாக ஒரு வேறுபாட்டை விளக்கியதைக் குறைவாகவே கேட்டிருக்கிறேன்.

கதிரையில் அமர்ந்திருந்தவரைக் கண்டுபிடிப்பது எளிதாக முடிந்தது. எந்த நிரல் எந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் கட்டளை ஒன்றைக் கொடுத்தார். 80க்கு நேரே அப்பாச்சி என்ற வேறொரு வலைச் சேவையின் பெயர் இருந்தது. முதற்கடையில் 'வேறொன்று போட்டோம்' என்றது இதைத்தான். கணினி தொடங்கும்போதே அது எழுந்து, எல்லா முகவரிகளின் 80ஆம் போர்ட்டையும் தனதாக்கிக்கொள்ள, பிறகு வரும் என்ஜின்-எக்ஸுக்கு இடமில்லாமல் போகிறது. இங்கே அவர் காட்டிய நுணுக்கம் ஒன்றை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்ஜின்-எக்ஸின் அமைவுக் கோப்பைச் சோதிக்கும் கட்டளை எல்லாம் சரி என்றே பதிலளித்தது. அடுத்த நிமிடமே தொடங்கச் சொன்னால் தொடங்கவில்லை. அந்தச் சோதனை எழுத்துப்பிழைகளையும் கோப்புகளையும் பார்க்குமே தவிர, போர்ட்டை வேறொருவர் பிடித்திருப்பதைப் பிழையாகச் சொல்லாதாம். சோதனை சரி என்றதை நம்பி எத்தனை பேர் கணினியையே மாற்றியிருப்பார்களோ!

99இன் கதைதான் உண்மையில் ஆழமானது. மாரி முழுவதும் எங்களை அலைக்கழித்த மூலப் பழுதும் அதுவே. எங்கள் சேர்வர் தன் முகவரியைத் தானே வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும், கணினிகளையும் கைபேசிகளையும் இணைத்து முகவரி வழங்கும் றவுட்டரிடம் கேட்டுத்தான் 192.168.1.10ஐப் பெற்றுக்கொண்டது. அந்த முகவரியை இந்தப் பெட்டிக்கே ஒதுக்குமாறு றவுட்டரில் நான்தான் முன்பு எழுதி வைத்தேன். என்ஜின்-எக்ஸின் அமைவிலும் அதே முகவரியில் மட்டும் அமருமாறு எழுதப்பட்டிருந்தது. மின்சாரம் நின்று வரும்போது இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றன. சேர்வரோ ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடுகிறது. றவுட்டர் முகவரி கொடுக்கத் தொடங்க அதைவிட அதிக நேரம் எடுக்கிறது. ஆகவே என்ஜின்-எக்ஸ் தொடங்கும் வேளையில் 192.168.1.10 என்ற முகவரி அந்தக் கணினியில் இல்லவே இல்லை. இல்லாத முகவரியில் அமர முடியாமல் அது ஒரு தடவை முயன்று விட்டுவிடுகிறது. சிறிது நேரத்தில் முகவரி வந்துசேர்கிறது. நான் வந்து கட்டளை கொடுக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதால் ஓடுகிறது. கையால் தொடக்கினால் ஓடும், தானாகத் தொடங்காது என்ற புதிரின் விடை இவ்வளவுதான்.

சேவைகளின் தொடக்க ஒழுங்கை வகுக்கும் சிஸ்டம்டி என்ற பகுதியில், வலையமைப்பு தொடர்பாக இரண்டு வேறு படிகள் இருப்பதையும் அவர் திரையில் காட்டினார். ஒன்று, வலையமைப்பைக் கவனிக்கும் நிரல் தொடங்கிவிட்டது என்பதை மட்டும் குறிக்கும். மற்றது, வலையமைப்பு உண்மையில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்பதைக் குறிக்கும். முதலாவதை மட்டும் பார்த்துக் கிளம்பும் சேவை, முகவரி வருமுன்னரே ஓடிப்போய் விழக்கூடும்.

இப்போது முதற்கடையில் நடந்ததும் எனக்கு வெளித்தது. அவர்களின் மேசையில் இருந்தது அவர்களின் றவுட்டர். அது எங்கள் பெட்டிக்கு வேறு ஏதோ முகவரியைக் கொடுத்திருக்கும். 192.168.1.10 அங்கு வரவே வராது. எனவே என்ஜின்-எக்ஸ் அங்கே ஒருபோதும் தொடங்கியிராது. அவர்களும் அது பழுது என்று முடிவுகட்டி, எந்த முகவரியிலும் அமரக்கூடிய அப்பாச்சியைப் போட்டு, ஓடுவதைக் கண்டு திருப்தியடைந்திருக்கிறார்கள். பழுது பெட்டிக்குள் இருக்கவில்லை. பெட்டிக்கும் றவுட்டருக்கும் இடையிலான அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் இருந்தது. அதைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. வன்னியில் படிப்பகம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை என்று சிறு வலையமைப்பு வைத்திருக்கும் எவருக்கும் நான் இந்தத் திருத்தகத்தைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், கழற்றாமல் வையுங்கோ என்று அவர்கள் தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வசனம்.

திருத்தியது வாசித்ததைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்தது. எந்தக் கோப்பைத் தொடுமுன்னும் அதன் பிரதி ஒன்றைத் திகதியிட்டு எடுத்து வைத்தார். அப்பாச்சியை நிறுத்தி, தானாகத் தொடங்காதபடி செய்தார். அழிக்கட்டுமா என்று என்னிடம் கேட்டு, நான் ஆம் என்ற பின்னரே அழித்தார். சேர்வருக்கு 192.168.1.10ஐ நிலையான முகவரியாக அதனுள்ளேயே எழுதினார். றவுட்டர் பிள்ளைகளின் கைபேசிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண் 100க்கு மேலே தொடங்குமாறு மாற்றி, இரண்டும் மோதாமல் பார்த்துக்கொண்டார். என்ஜின்-எக்ஸை ஒரு முகவரியில் கட்டிவைக்காமல் எல்லா முகவரிகளிலும் 80ஐக் கேட்கும்படி விட்டார். மேலும், ஏதாவது காரணத்தால் அது விழுந்தால் 10 வினாடி கழித்துத் தானே மறுபடி முயலும்படி, மூலக் கோப்பைத் தொடாமல் தனியான சிறு கோப்பு ஒன்றில் எழுதினார். 10 வினாடி எதற்கு, ஒரு வினாடி போதாதா என்று கேட்டேன். 10 வினாடிக்குள் 5 தடவை தொடங்கித் தோற்றால் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும் என்பது அதன் இயல்பான வரையறை. அவசரமாகத் திரும்பத் திரும்ப முயன்றால், முகவரி வருமுன்னரே வாய்ப்புகள் தீர்ந்துவிடும் என்றார். கோப்புறைகளின் அனுமதியை எவரும் எதையும் மாற்றலாம் என்று முன்பு யாரோ திறந்துவிட்டிருந்ததையும் சரிசெய்தார். ஹார்ட் டிஸ்க்கின் நிலையையும் சோதித்துக் காட்டினார். அதில் குறை இருக்கவில்லை.

பின்னர் செய்த சோதனைதான் என் மனதில் நிற்கிறது. சேர்வரை முறைப்படி அணைத்துவிட்டு, படிப்பகத்தின் மெயின் சுவிச்சை நிறுத்திப் போடச் சொன்னார். றவுட்டரும் சேர்வரும் மின்தடைக்குப் பின் எழுவதுபோல ஒன்றாக எழுந்தன. கைபேசியில் பக்கம் திறந்தது. ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் திறந்தபோது சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

மின்சாரம் நிற்கும்போது பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் யுபிஎஸ் பற்றிய அவருடைய ஆலோசனையும் நேர்மையானது. எங்களிடம் இருந்த 650 விஏ யுபிஎஸ்ஸின் 12 வோல்ற் பற்றரி இறந்துபோயிருந்தது. புதிய யுபிஎஸ் ஒன்றை அவர் விற்றிருக்கலாம். நான் வாங்கும் மனநிலையில்தான் இருந்தேன். பற்றரியை மட்டும் மாற்றினால் போதும் என்றும், அதிலும் முதலில் றவுட்டரைத்தான் கொழுவ வேண்டும், அது மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் சிறிய மின்தடைகளைத் தாண்டி நின்றுவிடும் என்றும் சொன்னார். அப்படியே செய்தோம்.

கட்டணம்: வந்து பார்த்துத் திருத்தியதற்கு 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 800, நாணய பற்றரிக்கு 200, மொத்தம் 4,000. யுபிஎஸ் பற்றரிக்கு வெளிக்கடையின் விலைச்சிட்டையைக் காட்டி அதே தொகையை மட்டும் பெற்றார்கள். எங்கள் போன்ற இடத்துக்கு 3,000 சிறிய தொகையல்ல. ஆனாலும் முந்திய 4,500இற்குக் கிடைத்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஐந்து நாள் காத்திருப்பு நீண்டது. அந்த வாரம் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் என்று சொல்லியிருந்தும் முன்னதாக வர முடியவில்லை. பிற்பகலில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. இருவரும் வெளியே போனால் கடை பூட்டித்தான் இருக்கும். பற்றுச்சீட்டு கையால் எழுதியது. எத்தனை நாளைக்குப் பொறுப்பு என்று அதில் குறிப்பிடவில்லை. கேட்டபோது, இதே பழுது ஆறு மாதத்துக்குள் வந்தால் போக்குவரத்துக் காசு மட்டும் போதும் என்றார்; அதைச் சீட்டிலும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, அவர் விட்டுச்சென்ற குறிப்பு. என்னென்ன மாற்றினார் என்பதை ஒரு தாளில் எழுதித் தந்தார். இதுவே இந்தப் பக்கத்தில் எவரும் செய்யாதது. ஆனால் முதற்பிரதியில் கட்டளைகள் மட்டுமே இருந்தன. எதைக் கொடுத்தால் என்ன பதில் வர வேண்டும் என்பது இல்லை. எனக்கு விளங்கலாம், எனக்குப்பின் பொறுப்பேற்கும் பிள்ளைக்கு விளங்காது என்று சொன்னேன். முகம் சுளிக்காமல், அடுத்த வாரமே தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். நிலையைப் பார்; பதிவேட்டின் கடைசி வரிகளை வாசி; 98ஆ 99ஆ என்று பார்; 98 என்றால் கதிரையில் இருப்பவர் யார் என்று கேள்; 99 என்றால் முகவரி வந்துவிட்டதா என்று பார்; இரண்டும் இல்லையென்றால் வட்டில் இடம் நிரம்பியிருக்கிறதா, கோப்பின் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்; எதையும் மாற்றுமுன் பிரதி எடு. அந்த ஒழுங்கில் எழுதியிருக்கிறார். பொலித்தீன் உறைக்குள் போட்டு, சேர்வர் அலுமாரியின் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். சென்ற மாதம் கிவிக்ஸ் ஒருநாள் தொடங்காமல் நின்றபோது, உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி அந்தத் தாளைப் பார்த்தபடியே பதிவேட்டை வாசித்து, கோப்பு ஒன்று இடம்மாறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாள். நான் வந்தபோது வேலை முடிந்திருந்தது.

அவர்களிடம் போக விரும்புபவர்கள் காலை 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் நேரில் போவது நல்லது. பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம். திரையில் வரும் பிழை வரியை முழுமையாக, அடைப்புக்குள் இருக்கும் எண்ணும் தெரியும்படி, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழுது தானாகத் தொடங்கும்போதா, கையால் தொடங்கும்போதா வருகிறது என்பதையும், மின்சாரம் கடைசியாக எப்போது நின்றது என்பதையும் குறித்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.